3×8 மவுண்டன் பைக்கை 1×10 ஆக மாற்றுவது: அளப்பது முதல் கடைசித் திருகு வரை

முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டோ ஒன்பதோ. இப்படிப்பட்ட பழைய மவுண்டன் பைக் வைத்திருப்பவர்களுக்கு, முன் டெரெய்லரையும் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) இடது ஷிஃப்டரையும் (ஹேண்டில்பாரில் இருக்கும் கியர் விசை) கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் ஒரே பல்சக்கரத்தோடு ஓட்டினால் என்ன என்று ஒரு கட்டத்தில் தோன்றும். நல்ல யோசனைதான். கரடுமுரடான பாதையில் செயின் கழன்று விழுவது குறையும், எடை குறையும், பழுதாகக்கூடிய பாகங்களும் குறையும்.

ஆனால் இந்த வேலையில் எந்தப் பாகமும் தனியாக வராது. பெரிய கேசட் (பின் பல்சக்கரக் கூட்டு) போட்டால் பழைய டெரெய்லருக்கு எட்டாது. டெரெய்லரை மாற்றினால் பழைய ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் அளவு அதற்குச் சரிப்படாது. ஷிஃப்டரையும் மாற்றினால் செயின் அகலம் மாறிவிடும். இதையெல்லாம் பெட்டியைப் பிரித்த பிறகு கண்டுபிடித்தால் பணமும் போகும், பாகம் திரும்பி வரும்வரை வண்டி சுவரில் சாய்ந்தே நிற்கும். கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளிலும் ஸ்பேனரைத் தொடும் வேலை அநேகமாக இல்லை, ஆனால் பெரும்பாலோர் தவறுவது அங்கேதான்.

1. கெட்டது எது என்று முதலில் பாருங்கள்

"கியர் சரியாக விழவில்லை, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்" என்று தொடங்குகிற வண்டிகளில் பாதிக்கு மேல் துருப்பிடித்த கேபிளோ வளைந்த ஹேங்கரோதான் (பின் டெரெய்லரை ஃபிரேமில் தாங்கும் சின்னத் தகடு) குற்றவாளியாக இருக்கும். புது டெரெய்லரை வளைந்த ஹேங்கரில் மாட்டினால் அதுவும் பழையதைப் போலவே தகராறு செய்யும்.

கேபிளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, பின்னால் உள்ள பெரிய பல்லுக்கு (பல்சக்கரத்துக்கு) ஏற்றுங்கள். சுற்றுவதை நிறுத்திவிட்டு, ஷிஃப்டரை மட்டும் சிறிய பல் வரைக்கும் தட்டி இறக்குங்கள். இப்போது கேபிள் தளர்ந்து நிற்கும். உறையை (கேபிள் ஓடும் வெளிக்குழாய்) ஃபிரேமில் இருக்கும் நிறுத்தத்திலிருந்து வெளியே எடுத்து, கேபிளைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். மணல் அரைபடுவது போல உரசினால் கேபிளும் உறையும் முடிந்துவிட்டன.

செயின் தேய்மானத்துக்கு அளவுகோல் போதும். செயினின் ஒரு ஊசியின் நடுவில் சுழியத்தை வைத்து, 24 ஊசி தள்ளி அளந்தால் புதுச் செயினில் 304.8 மி.மீ. இருக்கும். 306.3 மி.மீ. என்றால் 0.5 சதவீதத் தேய்மானம், 307.1 என்றால் 0.75 சதவீதம். 8, 9, 10 ஸ்பீடு (பின் பல்சக்கரங்களின் எண்ணிக்கை) செயினை 0.75-லும், 11, 12 ஸ்பீடு செயினை 0.5-லும் மாற்றிவிட வேண்டும். இந்த ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம் என்பதால், செயின் செக்கர் என்னும் சின்னத் தகடு ஒன்றை வாங்கிவிடுங்கள். அது காப்பாற்றிக் கொடுக்கும் முதல் கேசட்டிலேயே அதன் விலை வந்துவிடும்.

கேபிள், உறை, செயின் மூன்றையும் மாற்றி ஹேங்கரை நிமிர்த்தியதும் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால், மேலே படிக்காமல் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குறைந்த செலவில் முடிந்த வேலை அது.

2. ஒரு தாளில் எழுத வேண்டியவை

நினைவை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள், இணையத்தில் ஆர்டரும் போடாதீர்கள். இவை அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தவரை போட்டோவும் எடுத்துவையுங்கள்:

- டெரெய்லரின் உட்புறம், ஷிஃப்டரின் அடிப்புறம், கிராங்கின் (பெடல் மாட்டியிருக்கும் கை) உட்பக்கம் ஆகியவற்றில் பொறித்திருக்கும் மாடல் எண்.
- பின் ஹப்பின் அகலம்: 135 மி.மீ. குயிக் ரிலீஸா, 142 அல்லது 148 மி.மீ. த்ரூ ஆக்ஸிலா.
- பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) குழாயின் அகலம்: மரை உள்ள பிஎஸ்ஏ வகை என்றால் 68 அல்லது 73 மி.மீ.
- செயின்ரிங்கை (முன் பல்சக்கரம்) பிடிக்கும் போல்ட் எத்தனை, பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டுக்கு இடையே தூரம் எவ்வளவு. நான்கு போல்ட் கிராங்கில் அந்தத் தூரம் சுமார் 73.5 மி.மீ. என்றால் அது 104 மி.மீ. விட்டமுள்ள போல்ட் வட்டம். பழைய மவுண்டன் கிராங்குகளில் அதிகம் கிடைப்பது இதுதான்.
- ஹேங்கரின் போட்டோ, இரு பக்கமும். கழற்றக்கூடிய ஹேங்கர்களில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன; திருகுத் துளைகளின் இடைவெளிதான் அடையாளம்.
- ஃபிரேமின் சீரியல் எண். பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் இருக்கும். ஹேங்கர் கிடைக்காமல் தயாரிப்பாளருக்கு எழுத நேர்ந்தால் அவர்கள் கேட்கும் முதல் விவரம் இது.

இதோடு வாங்கப்போகும் பாகங்களின் டீலர் மேனுவலை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஷிமானோவும் ஸ்ராமும் இவற்றை இலவசமாகவே வெளியிடுகின்றன. டெரெய்லர் தாங்கும் மிகப்பெரிய பல், செயின் நீளக் கணக்கு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய இறுக்கம் எல்லாம் அதில் உண்டு. விற்பனைப் பக்கத்தில் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று போட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

3. பின்னால் இருப்பது கேசட்டா, ஃப்ரீவீலா?

முழுச் செலவையும் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரக் கூட்டின் நடுவில் கருவி நுழையும் வளையத்தைப் பாருங்கள். பற்களைப் பின்னோக்கிச் சுற்றும்போது அந்த வளையமும் சேர்ந்து சுற்றினால் அது கேசட். வளையம் அசையாமல் நிற்க, பற்கள் மட்டும் சுற்றினால் அது ஃப்ரீவீல், ஹப்பின் மேல் நேரடியாக மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஃப்ரீவீல் என்றால் இந்தக் கட்டுரையில் வரும் கேசட் எதுவும் உங்கள் சக்கரத்தில் ஏறாது. புதுப் பின்சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரம் மற்ற எல்லாப் பாகங்களின் விலையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடலாம். வண்டியே மலிவானது என்றால் இங்கே ஒருமுறை நிதானமாக யோசியுங்கள்.

கேசட் என்றால், 8 அல்லது 9 ஸ்பீடு வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஷிமானோ எச்ஜி வகை ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் ஹப்பின் பகுதி). நல்ல செய்தி: 11 பல்லில் தொடங்கும் 10 ஸ்பீடு கேசட்டுகளும், மவுண்டன் பைக்குக்கென்று செய்த 11 ஸ்பீடு கேசட்டுகளும் இதே ஃப்ரீஹப்பில் உட்காரும். 10 பல்லில் தொடங்குகிறவை உட்காரா. அவற்றுக்கு ஷிமானோவில் மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமில் எக்ஸ்டி என்று வேறு ஃப்ரீஹப் தேவை. "12 ஸ்பீடு சலுகை விலை" என்று கண்ணில் பட்டதும் வாங்கிவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பழைய 7 ஸ்பீடு ஃப்ரீஹப் நீளத்தில் குறைந்தது, அதையும் கவனியுங்கள்.

4. எந்தக் கூட்டணி?

எச்ஜி ஃப்ரீஹப்பில் அப்படியே ஏறக்கூடிய, எளிதில் கிடைக்கும் தொகுப்புகள் சில:

ஷிமானோ டியோர் எம்4100, 10 ஸ்பீடு, 11-46 பல். ஷிமானோ டியோர் எம்5100, 11 ஸ்பீடு, 11-51 பல். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ், 10 ஸ்பீடு, 11-48 பல். அதே நிறுவனத்தின் அட்வென்ட், 9 ஸ்பீடு, 11-42 பல்.

எதை எடுத்தாலும் ஷிஃப்டரும் டெரெய்லரும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் எவ்வளவு கேபிளை இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டெரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு. ஷிமானோவின் 9 ஸ்பீடு டெரெய்லரை அதே ஷிமானோவின் 10 ஸ்பீடு மவுண்டன் ஷிஃப்டரோடு சேர்த்தால் எத்தனை முறை திருகினாலும் நடுக் கியர்கள் சரிப்படா. அட்வென்ட் தொகுப்புகளின் இழுப்பு ஷிமானோவோடும் சேராது, ஸ்ராமோடும் சேராது. ஷிமானோவின் க்யூஸ் வரிசைக்கு வந்தால், அதன் லிங்க்கிளைடு கேசட் எச்ஜி ஃப்ரீஹப்பில் ஏறும். ஆனால் பற்களின் இடைவெளி வேறு என்பதால், எச்ஜி கேசட்டுக்கென்று செய்த ஷிஃப்டரோடு அது வேலை செய்யாது. "ஏறுகிறதே" என்பதும் "இயங்கும்" என்பதும் ஒன்றல்ல.

செயினிலும் கேசட்டிலும் இவ்வளவு கெடுபிடி இல்லை. 10 ஸ்பீடு கேசட்டுக்கு 10 ஸ்பீடு செயின் என்ற ஒன்றை மட்டும் காப்பாற்றினால், நிறுவனம் மாறினாலும் ஓடும்.

இனி முன்பக்கம். எத்தனை பல்? பழைய 3×8-இல் மிக இளகிய கியர் பெரும்பாலும் முன் 22, பின் 32. வகுத்தால் 0.69. புதிதாக முன் 32, பின் 46 போட்டால் 0.70, கிட்டத்தட்ட அதேதான். முன் 30 என்றால் 0.65, ஏற்றத்தில் பழையதைவிடச் சுலபம். 11-42 கேசட்டோடு முன் 32 போட்டால் 0.76 ஆகிவிடும்; செங்குத்தான ஏற்றத்தில் முழங்கால் அதைச் சொல்லிவிடும். மறுமுனையில் இழப்பு உண்டு. பழைய 42-க்கு 11 என்பது 3.82, புதிய 32-க்கு 11 என்பது 2.91. 29 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் முன்பு மணிக்கு 47 கி.மீ. வரை போனது, இப்போது 36 கி.மீ.யில் கால் காலியாகச் சுற்றும். காட்டுப்பாதைக்கு இது பொருட்டே இல்லை. தார்ச்சாலையில்தான் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் மூன்று பல்சக்கரமே இருந்துவிட்டுப் போகட்டும்.

5. செலவு, கருவி, நேரம்

விலையில் கேசட்டும் டெரெய்லரும்தான் பெரும்பங்கு எடுக்கும், அடுத்து ஷிஃப்டர், பிறகு செயின், செயின்ரிங். கேபிளும் உறையும் கடைசி. ஷிஃப்டர், டெரெய்லர், கேசட், செயின் நான்கும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு, தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகவே இருக்கும். பொருத்தப் பிரச்சினையும் தீர்ந்தது. பணம் குறைவு என்றால் செயின்ரிங்கில் மிச்சம் பிடியுங்கள், டெரெய்லரில் பிடிக்காதீர்கள். அதில் கிளட்ச் (செயினைத் துள்ளவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் உறுப்பு) இருக்க வேண்டும். கிளட்ச் இல்லாத டெரெய்லரில் செயின் துள்ளும், முன்னால் வழிகாட்ட டெரெய்லர் இல்லாததால் கழன்றும் விழும்.

சொந்தமாக வாங்க வேண்டிய கருவிகள்: ஆலன் கீ செட், செயின் பிரேக்கர், குயிக் லிங்க் பிளையர், நல்ல கேபிள் கட்டர், கேசட் லாக்ரிங் கருவி, செயின் விப், சின்ன டார்க் ரெஞ்ச். கேபிள் கட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரணக் குறட்டால் வெட்டினால் கேபிள் நுனி பிரிந்து பூவாகும், உறையின் வாய் நசுங்கும். ஹேங்கர் அளக்கும் கருவி, பாட்டம் பிராக்கெட் கருவி இரண்டும் வருடத்தில் ஒருமுறை தொடுகிறவை. அந்த இரண்டு வேலையை மட்டும் கடையில் கொடுத்துச் செய்துகொள்வது மலிவு.

முதல் முறை செய்கிறவருக்கு ஒரு முழு நாள் வேண்டும். மறுநாள் காலை நண்பர்களோடு மலைக்குப் போவதாக இருந்தால் இன்று இதைத் தொடங்காதீர்கள். ஏதாவது ஒரு போல்ட் நீளம் தப்பாக இருக்கும், கடை மூடியிருக்கும். எல்லாப் பாகமும் கைக்கு வந்த பிறகே பழையதைக் கழற்றுங்கள். ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். வெட்டிய செயினையும், கிரீஸ் பட்ட கேசட்டையும் யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொன்றையும் பிரிக்கும் முன் தாளில் எழுதியதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

6. கழற்றுவது

முதலில் செயின், பிறகு கேபிள்கள், முன் டெரெய்லர், இடது ஷிஃப்டர். இதுவரை சிக்கல் இல்லை. கிராங்கில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

சதுர முனை அச்சு உள்ள பழைய கிராங்குக்கு புல்லர் (கிராங்கை அச்சிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி) தேவை. நடு போல்ட்டைக் கழற்றியதும், அதனடியில் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷர் உள்ளே இருக்க, அதன் மேல் புல்லரை இறுக்கினால் கிராங்க் வராது, மரைதான் பிய்த்துக்கொண்டு வரும். புல்லரைக் கையால் முழுதாகத் திருகி ஏற்றிய பிறகே ஸ்பேனர் போடுங்கள். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருக்கும்போது அழுத்தம் கொடுத்தால் அலுமினியம் தாங்காது, அதன்பின் கிராங்க் கையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஹாலோடெக் வகை கிராங்கில் வேலை சுலபம்: இடது கிராங்க் கையின் இரண்டு 5 மி.மீ. ஆலன் போல்ட்டுகளைத் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் சின்னத் தகட்டை நிமிர்த்தினால் கை கழன்றுவிடும்.

இரண்டு இடங்களில் மரை தலைகீழ். இடது பெடல், மற்றும் பிஎஸ்ஏ பாட்டம் பிராக்கெட்டின் செயின் பக்கத்துக் கப். இவை இரண்டையும் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பித்தான் கழற்ற வேண்டும். வரவில்லையே என்று குழாய் போட்டு அழுத்துகிறவர்கள் பெரும்பாலும் இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

கிராங்க் வெளியே இருக்கும்போது பாட்டம் பிராக்கெட்டின் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ, அங்கங்கே பிடித்து நின்றாலோ இப்போதே மாற்றிவிடுங்கள். பின்னால் இதற்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம்.

7. செயின்ரிங்

மூன்று பல்சக்கரமும் ரிவெட் அடித்து ஒன்றாக இருந்தால் கிராங்கையே மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. போல்ட் போட்டிருந்தால், பெரியதையும் சிறியதையும் எடுத்துவிட்டு நடு இடத்தில் புதியதை வையுங்கள். அது ஒரு தடித்த பல், ஒரு மெல்லிய பல் என்று மாறி மாறி வரும் வகையாகவே இருக்க வேண்டும். பழைய நடுப் பல்சக்கரத்தில் செயினை மேலே தூக்கிவிடுவதற்கென்றே சரிவுகள் வெட்டியிருப்பார்கள். அதையே ஒற்றையாகப் பயன்படுத்தினால் குலுங்கும்போதெல்லாம் செயின் கழலும்.

பழைய போல்ட்டுகள் இரண்டு பல்சக்கரத்தைச் சேர்த்துப் பிடிக்கும் நீளம் கொண்டவை. ஒற்றைக்கு அவை முழுதாக இறுகா. இறுகிவிட்டது போலக் காட்டி, ஓட்டும்போது "டக் டக்" என்று சத்தம் தரும். ஒற்றைச் செயின்ரிங்குக்கான குட்டை போல்ட்டுகளை சேர்த்தே வாங்குங்கள். மாட்டிய பிறகு பல்லுக்கும் பின் ஃபிரேம் குழாய்க்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது கிராங்க் லேசாக வளையும்.

8. கேசட்

ஃப்ரீஹப்பைத் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். அதன் வரிப்பள்ளங்களில் ஒன்று மட்டும் அகலத்தில் மாறுபட்டிருக்கும், கேசட் ஒரே ஒரு விதத்தில்தான் ஏறும். உதிரியாக வரும் சிறிய பற்களையும் இடையிலிருக்கும் வளையங்களையும் பெட்டியில் வந்த வரிசையிலேயே கோத்துப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையம் இடம் மாறினாலும் ஒரு கியர் மட்டும் காரணமே தெரியாமல் தொல்லை தரும். லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர், அதாவது நீள ரெஞ்ச்சில் நல்ல அழுத்தம். இறுகும்போது "கறகற" என்று கேட்பது இயல்புதான். இறுக்கிய பிறகும் பற்கள் பக்கவாட்டில் ஆடினால் வளையம் ஒன்று விடுபட்டிருக்கிறது.

9. ஹேங்கரும் டெரெய்லரும்

46 பல் வரைக்கும் ஏறும் கேசட்டில் ஹேங்கர் கோணல் மன்னிக்கப்படாது. 32 பல் கேசட்டில் கண்ணுக்குத் தெரியாத வளைவு இங்கே இரண்டு கியரைக் கெடுக்கும். கருவியால் அளப்பவர் ரிம்மின் நான்கு திசையிலும் இடைவெளியைப் பார்ப்பார். வித்தியாசம் 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கருவி இல்லையென்றால் ஒரு வழி உண்டு: ஹேங்கரின் துளை மரையும் பல பின் ஹப்புகளின் அச்சு மரையும் ஒன்றே, 10 மி.மீ., 1 மி.மீ. மரை இடைவெளி. இரவல் வாங்கிய பின்சக்கரத்தின் அச்சை அந்தத் துளையில் திருகினால் இரண்டு ரிம்மும் எல்லாப் பக்கமும் இணையாக நிற்க வேண்டும். அலுமினிய ஹேங்கர் ஒருமுறை நிமிர்த்தத் தாங்கும். அதற்குமேல் விரிசல் விடலாம். மலிவுதான், உபரியாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

டெரெய்லரை மாட்டும்போது அதன் பின்புறத் தகடு ஹேங்கரின் சின்ன நீட்சிக்குப் பின்னால் வரும்படி சற்றுச் சாய்த்துப் பிடித்துத் திருகுங்கள். நீட்சியின் மேலேயே வைத்து இறுக்கினால் தகடு வளைந்துவிடும், புதுப் பாகம் முதல் நாளே வீண். இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்.

10. செயின் நீளம்

புதுச் செயினை டெரெய்லர் வழியாக விடாமல், முன் செயின்ரிங்கையும் பின் மிகப்பெரிய பல்லையும் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து குறைந்தபட்சம் ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் கூடுதலாக விட வேண்டும். சில டெரெய்லர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள், மேனுவல் சொல்வதே முடிவு. பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அது அமுங்கும்போது சக்கரம் பின்னால் தள்ளிப்போகும். ஷாக்கின் காற்றை இறக்கி, கிராங்குக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் அதிகமாக இருக்கும் நிலையில் அளந்தால்தான் கணக்கு சரி. குட்டையாக வெட்டிவிட்டால் முதல்முறை பெரிய பல்லுக்கு ஏறும்போதே டெரெய்லரைப் பிய்த்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு ஜோடிக் கண்ணியை விட்டே வெட்டுங்கள். பிறகு எடுக்கலாம், சேர்ப்பதுதான் சிரமம்.

செயின்ரிங்கில் செயினை வைக்கும்போது தடித்த பல் வெளிக்கண்ணிக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் பல்லின் மேலேறிச் சவாரி செய்யும். குயிக் லிங்க்கை (செயினின் இரு முனைகளை இணைக்கும் கண்ணி) சேர்த்து, அதை மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி பெடலை அழுத்தினால் "டப்" என்று பூட்டிக்கொள்ளும். சில குயிக் லிங்க்குகள் ஒரே முறை பயன்படுத்தத்தக்கவை. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

11. கேபிள்

கியர் உறையும் பிரேக் உறையும் ஒன்றல்ல. கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் உறையில் சுருளாக ஓடும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்திப் பிடிக்கும்போது வெடித்துத் திறக்கலாம், அது உயிர் விஷயம். வெட்டிய வாயை ஊசியால் விரித்து உள்குழாயைத் திறந்துவிடுங்கள், மூடி போடுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடாத நீளத்தில் வெட்டுங்கள். கேபிளைப் பொருத்தும்போது ஷிஃப்டர் மிகச்சிறிய பல்லுக்கான நிலையில் இருக்கட்டும். ஷிஃப்டரின் சரிசெய்யும் குமிழை முழுதாக உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே விட்டு வையுங்கள்.

12. டியூனிங்: வரிசை மாறினால் முடியாது

எச், எல் என்ற இரண்டு எல்லைத் திருகுகள், பி திருகு, பிறகு கேபிள் இழுவை. இதே வரிசை.

எச் திருகு சிறிய பல்லுக்கு. பின்னாலிருந்து பார்த்தால் டெரெய்லரின் மேல் உருளை சிறிய பல்லின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். எல் திருகு பெரிய பல்லுக்கு. டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். உருளை பெரிய பல்லுக்கு நேராக வந்து அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர்கூட நகரக் கூடாது. இதைச் சரிசெய்யாமல் வண்டியில் ஏறாதீர்கள். ஸ்போக்குக்குள் டெரெய்லர் போனால் சக்கரம், ஹேங்கர், டெரெய்லர் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும்.

பி திருகு மேல் உருளைக்கும் பெரிய பல்லுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கிறது. இதற்கான அளவு மாடலுக்கு மாடல் வேறு. சில டெரெய்லர்களின் உட்தகட்டிலேயே கோடு போட்டிருப்பார்கள், சிலவற்றுக்குப் பிளாஸ்டிக் அளவி வரும். மிக நெருக்கம் என்றால் பெரிய பல்லில் உறுமும். மிகத் தூரம் என்றால் சிறிய பற்களில் கியர் சோம்பேறியாக விழும்.

கடைசியாகக் கேபிள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு, குமிழைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கால் சுற்று உள்ளே. ஒவ்வொரு முறையும் கால் சுற்றுதான், அதற்குமேல் வேண்டாம். ஏறுவதைச் சரிசெய்தால் இறங்குவது கெடுகிறது, இறங்குவதைச் சரிசெய்தால் ஏறுவது கெடுகிறது என்று சுற்றிச் சுற்றி வந்தால் குமிழை விட்டுவிடுங்கள். அது கேபிள் உராய்வு அல்லது ஹேங்கர் வளைவு. முதல் சந்தேகம் டெரெய்லருக்குப் போகும் கடைசித் துண்டு உறை மேல்.

13. பிரேக்கையும் எட்டிப் பாருங்கள்

செயின் எண்ணெயும் கிரீஸும் கையில் இருக்கும்போது ரோட்டரை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு) தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேடில் ஊறிவிட்டால் பேடை மாற்றுவதே நல்லது. சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தக் கூடாது, பிஸ்டன்கள் வெளியே வந்து ரோட்டருக்கு இடமில்லாமல் போகும். ஷிமானோ ரோட்டர் 1.8 மி.மீ.யில் தொடங்கும், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஷிமானோ பேடில் உரசும் பகுதி 0.5 மி.மீ. வரைதான். பிரேக் திரவத்தில் மினரல் ஆயில் கேட்பதற்கு டாட் திரவமோ, டாட் கேட்பதற்கு மினரல் ஆயிலோ ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு முழு பிரேக்கும் போய்விடும். எது வேண்டும் என்று லீவரின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

14. முதல் சில சவாரிகள்

வீட்டைச் சுற்றி, சமதளத்தில், எல்லாக் கியரையும் ஏற்றி இறக்குங்கள். பிறகு ஒரு சிறு ஏற்றத்தில் அழுத்தம் கொடுத்து மிதியுங்கள். ஸ்டாண்டில் சரியாக விழுந்த கியர், அழுத்தத்தில் தாவலாம். முதல் இரண்டு மூன்று சவாரிகளில் உறை அழுந்தி உட்காரும், கேபிள் சற்றுத் தளரும். குமிழை அரைச் சுற்றுக்குள் திருப்பினால் சரியாகிவிடும். சதுர முனை கிராங்கின் போல்ட்டை முதல் சவாரிக்குப் பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை பாருங்கள். செயின்ரிங் போல்ட்டுகளையும் அப்படியே. பின்சக்கரத்தைக் கழற்றும்போது டெரெய்லரின் கிளட்ச்சை அணைக்கவும், மாட்டியதும் மறக்காமல் போடவும். அதை மறந்துவிட்டு "ஒற்றைச் செயின்ரிங்கிலும் செயின் கழலுகிறதே" என்று கடைக்கு வருகிறவர்கள் நிறைய.

கழற்றிய முன் டெரெய்லர், இடது ஷிஃப்டர், பழைய கேசட் நன்றாக இருந்தால் மாடல் எண்ணோடு ஒரு பையில் போட்டு விற்றுவிடலாம். 8, 9 ஸ்பீடு பாகங்களுக்குத் தேவை இன்னும் இருக்கிறது. பழைய செயினை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.